பசை டின்னில் என்ன இருக்கிறது?

சப்பாத்துப் பட்டறை, குஷன் வேலை, வாகனங்களுக்கு பெயின்ற் அடிக்கும் கராஜ் என எம்மவர்கள் நடத்தும் தொழில்கள் பலவும் பசையும் தின்னரும் இல்லாமல் ஒருநாளும் ஓடாது. இவற்றை வாங்கும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். லீற்றர் என்ன விலை? எவ்வளவு நேரத்தில் காயும்? சீக்கிரம் காய்கிறது என்றால் அதிலிருந்த திரவம் ஆவியாகி அறைக்குள் கலந்துவிட்டது என்றே அர்த்தம். நாள் முழுவதும் அந்த அறைக்குள் குந்தியிருப்பவர் முதலாளியல்ல.

துருக்கியில் நடந்ததை எமது வியாபாரிகள் அறிந்திருப்பது நல்லது. 1950களின் பிற்பகுதியில் இஸ்தான்புல் நகரின் சிறு சப்பாத்துப் பட்டறைகளுக்கு பென்சீன் கலந்த பசை வந்து சேர்ந்தது. விலை மலிவு, வேலையும் சுலபம். பட்டறைகளோ காற்றோட்டமில்லாத சிறிய அறைகள். சில வருடங்களில் இரத்தம் சுரப்பது குன்றிய நிலையில் தொழிலாளர்கள் வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினர். இரத்தநோய் நிபுணரான முஸஃபர் அக்சோய் இவர்களைத் தொடர்ந்து கவனித்தார். 1967 முதல் 1973 வரை இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான 26 சப்பாத்துத் தொழிலாளர்களைப் பற்றி 1974 இல் அவர் எழுதிய ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. 1969 இலிருந்து அங்கே பென்சீன் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதன் பின்வந்த வருடங்களில் நோயாளர்களும் குறைந்தனர். பசை மாறியதால் அங்கு சப்பாத்துத் தொழில் அழிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பென்சீன் இல்லையென்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. 2009 இல் சீனாவின் சுஜோவ் நகரில், கைத்தொலைபேசித் திரைகளைத் துடைக்க அல்கஹோலுக்குப் பதிலாக ஹெக்சேன் பாவித்தார்கள். காரணம், அது சீக்கிரம் காயும். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர். ஹெக்சேன் நரம்புகளைத் தாக்கும். கைகால் விறைத்து, நடப்பதே கஷ்டமாகிவிடும். சப்பாத்துப் பசைகளிலும் இதே ஹெக்சேன் சேர்க்கப்படுவதுண்டு.

பின்னேரம் ஒரு கோப்பை பால் கொடுத்தால் நஞ்சு முறிந்துவிடும் என்று நம்பும் முதலாளிமார் இன்னும் இருக்கிறார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, ஆவி நுரையீரல் வழியாக இரத்தத்துக்குப் போகிறது. துணி மாஸ்க்கும் அப்படித்தான். தூசைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அந்த வடிகட்டியையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். மணம் தெரியவில்லையே என்று ஆறுதல்படவும் முடியாது. சிறிது நேரத்தில் மூக்கு பழகிப் போய்விடும்.

செலவு அதிகம் என்பார்கள். பாவிக்காத நேரத்தில் டின்னை மூடி வைக்க என்ன செலவு? கள்வருக்குப் பயந்து பகலிலும் அடைத்து வைக்கும் பின்பக்க ஜன்னலைத் திறக்க என்ன செலவு? கூரையில் சுழலும் விசிறி ஆவியை அறைக்குள்ளேயே சுற்ற வைக்கும். வேலை மேசைக்குப் பக்கத்திலிருந்து ஆவியை இழுத்து வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பூட்டினால் பெரும் பகுதி குறையும். புகையையும் ஆவியையும் அகற்றும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைக்கும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 இலிருந்தே இந்நாட்டில் இருக்கிறது.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பெரிய பீப்பாயில் வரும் பசையையும் தின்னரையும் லேபல் இல்லாத போத்தல்களில் ஊற்றி விற்பவர்களும் எம்மவர்களே. அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவர் எப்படி அறிவார்? இறக்குமதி செய்பவர் கேட்டால் உற்பத்தியாளர் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்றைக் கொடுப்பார். சரக்கில் உள்ள இரசாயனங்களின் பெயர்கள் அதில் இருக்கும். அதன் போட்டோப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு விலை பேசுங்கள். தர மறுப்பவரிடம் எதற்காக வாங்க வேண்டும்?