திறப்பும் உரிமையும்

சென்ற வாரம் குருக்கள்மடத்தில், வாவிக் காற்று முற்றத்தைத் தொட்டுச் செல்லும் மாலை வேளையில், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் வந்தார். சில்லறைக் கடைகளுக்குக் கணக்கெழுதும் மென்பொருள் ஒன்றை அவர் ஆக்கியிருந்தார். அதன் மூலநிரல் அடங்கிய களஞ்சியத்தைப் பூட்டிவைத்து, பணம் செலுத்துவோருக்கு மட்டும் திறந்துவிடலாமா என்பது அவர் வினா. அறிவை விற்பது தகாது என்கின்றனர் தோழர். இரவெல்லாம் விழித்த உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்கிறார் தாயார்.

விலை பெறுவது குற்றமன்று. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தோற்றுவித்த ரிச்சர்ட் ஸ்டோல்மனே, 1985ஆம் ஆண்டில் தமது ஈமாக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றார். ஆனால், வாங்கியவர் அதனைத் திருத்துவதையும் பிறருக்கு வழங்குவதையும் அவர் தடுக்கவில்லை. கிட்ஹப் தளமும், ஆதரவுப் பணம் தருவோருக்கு மட்டும் களஞ்சியத்தைத் திறந்துவிட 2022இல் வழி செய்தது.

ஆயினும் களஞ்சியத்தின் திறப்பு வேறு. நிரலின் மீதுள்ள உரிமை வேறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் நூலைப் போலவே காக்கின்றது. பணம் கொடுத்து உள்ளே புகுந்தவர், உரிமப் பத்திரம் அனுமதிப்பதையே செய்யலாம். ஆகவே வாங்குவோர் அதனை முதலில் வாசித்தல் வேண்டும். விற்போர் அதனைத் தெளிவாக எழுதுதல் வேண்டும்.

“நிரல் முழுவதும் உமதுதானா?” என்று மாணவரை வினவினோம். சற்றுத் தயங்கினார். பாதி, குனூ பொது உரிமத்தின் கீழ்ப் பிறர் வெளியிட்டது என்றார். அவ்வுரிமம் விலை கூறுவதைத் தடுக்காது. ஆனால் அப்பகுதியோடு பிணைத்து ஆக்கிய நிரலை வாங்கியவர், அதனை இலவசமாகப் பிறருக்கு வழங்குவதை நாம் தடுக்கவும் இயலாது. அங்கே பூட்டு நெடுநாள் நில்லாது. கடைக்காரருக்குக் கற்பித்தல், பழுது தீர்த்தல், அவர் தேவைக்கேற்பத் திருத்திக் கொடுத்தல் ஆகியவற்றுக்குக் கூலி கேளும் என்றோம்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நமது கரையைச் சூறையாடியபின், இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கிக் கட்டற்றதாக வெளியிட்டனர். பின்னர் அது பிறநாட்டுப் பேரிடர்களிலும் உதவிற்று. அம்மாணவர் கையாண்ட பாதி நிரலும் அவ்வாறு யாரோ திறந்து வைத்ததே. தாயார் கேட்ட கூலியும் நியாயம். அந்தக் கடனை மறவாதிருத்தலும் நியாயம்.