சட்டப்படி சரியாக இருந்த பெயாரிங்

2018 ஒக்டோபர் 27 இரவு, இங்கிலாந்தின் லெஸ்டர் உதைபந்தாட்ட மைதானத்திலிருந்து எழும்பிய ஹெலிகொப்டர், சற்று நேரத்தில் கட்டுப்பாடின்றிச் சுழன்று வெளியே விழுந்தது. கழக உரிமையாளரான தாய்லாந்துச் செல்வந்தர் விச்சாய் உட்பட ஐவரும் மரணித்தனர்.

விமானியின் தவறா என்று கேட்பதுதான் நமக்கு வழக்கம். 2023 செப்டெம்பரில் வெளியான பிரித்தானிய விசாரணை அறிக்கை வேறொன்றைச் சொன்னது.

மேலேயுள்ள பெரிய விசிறி ஒரு திசையில் சுழலும்போது, ஹெலிகொப்டரின் உடல் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது வாலிலுள்ள சிறிய விசிறி. அதன் இதழ்களின் சாய்வை விமானி காலால் மிதித்து மாற்றுகிறார். அந்த அசைவைக் கொண்டுசெல்லும் தண்டு சுழலக் கூடாது; விசிறியோ சுழல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பெயாரிங். அதன் கிரீஸ் கெட்டு, உலோகம் களைத்து, பெயாரிங் இறுகிவிட்டது. சுழலக் கூடாத தண்டு சுழன்று, இணைப்பு கழன்றது. அதன்பின் விமானி எதை மிதித்தும் பயனில்லை.

ஏன் களைத்தது? எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான சுமை. பறப்புச் சோதனையில் அளந்த சுமை விபரங்களை ஹெலிகொப்டர் நிறுவனம் பெயாரிங் செய்த நிறுவனத்துக்குக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டுமென்று விதியும் இல்லை. அந்தப் பெயாரிங் 'அதிமுக்கிய பாகம்' என வகைப்படுத்தப்படவுமில்லை. ஆகவே கழற்றிய பழைய பெயாரிங்குகளைத் திறந்து, தேய்மானம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. விதியை யாரும் மீறவில்லை. எனக்கு அச்சமூட்டுவது அதுதான்.

விபத்து நடந்து சில வாரங்களுக்குள் அதே ரக ஹெலிகொப்டர்களின் வால் பாகங்களைச் சோதிக்க ஐரோப்பிய அதிகாரசபை உத்தரவிட்டது. அறிக்கை மேலும் எட்டுப் பரிந்துரைகளைச் செய்தது. உடைந்த பாகம் பகிரங்கமாக ஆராயப்பட்டதால்தான் இவை சாத்தியமாயின.

இதை நமது வாசகர்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் விழுந்த விமானப்படை ஹெலிகொப்டரில் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களையும் உடன் சென்றோரையும் இழந்தோம். அங்கும் வால் விசிறிதான் என்று நான் சொல்ல வரவில்லை. சதியா, விபத்தா என்று கால் நூற்றாண்டாக மேடைகளில் பேசுகிறோம். ஆணைக்குழு அமைக்கப்பட்டது, அதன் அறிக்கையோ நீண்டகாலம் மக்கள் முன் வைக்கப்படவேயில்லை. அந்த ஹெலிகொப்டரின் எந்தப் பாகம் எப்போது சோதிக்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்ற பராமரிப்புப் பதிவேட்டை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையில் கேட்கட்டும்.