உழவில்லை, உரமில்லை, மேய்க்க ஆளும் இல்லை: காங்கேயத்துக் கொரங்காட்டுக் கணக்கு

சித்திரை, வைகாசியில் காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே ஒரு காட்சி தெரியும். நிலமெல்லாம் காய்ந்து கிடக்க, ஆடுகள் மட்டும் மரத்தடியில் குனிந்தபடி எதையோ மும்முரமாகத் தின்றுகொண்டிருக்கும். வெள்வேல மரத்திலிருந்து உதிர்ந்த காய்கள்தான் அவை. பச்சையே கிடைக்காத மாதங்களில் சத்துள்ள தீவனம் தானாக விழுகிறது. மூட்டைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இந்த நிலத்துக்குப் பெயர் கொரங்காடு. காடு என்றதும் வனத்துறை ஞாபகம் வர வேண்டாம். எல்லாம் சொந்தப் பட்டா நிலம். திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மேய்ச்சல் பண்ணையம் இது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. கிணற்றை நம்பி வெள்ளாமை வைத்தால் கடன்தான் மிஞ்சும் என்று தெரிந்தவர்கள் உருவாக்கிய முறை.

இதில் முக்கியமாக மூன்று தாவரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. கொழுக்கட்டைப் புல் காய்ந்து சருகானாலும் வேர் சாகாது. ஒரு மழை விழுந்தால் மறுபடி துளிர்க்கும். வெள்வேலத்தின் காயைத் தின்னும் ஆடு, அதன் விதையைப் புழுக்கையோடு போட்டுவிட்டுப் போகும். அடுத்த மரத்துக்கான நாற்றங்காலும் இலவசம்!

ஆனால், இந்தக் கணக்கில் பெரிய வரவு வேலியிலிருந்துதான் வருகிறது. சுமார் நான்கு ஏக்கருக்கு ஒன்றாகப் பிரித்து, கிளுவை வேலிக்குள் ஆடு மாடுகளை விட்டு, படலைச் சாத்திவிட்டால் பகல் முழுக்க மேய்ப்பவர் தேவையில்லை. வீட்டில் இருப்பவர்கள் தறிக்கோ, மில்லுக்கோ, வேறு வேலைக்கோ போகலாம். ஒரு காட்டில் புல் குறைந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றி, முந்தையதை ஓய்வாகப் போட்டுவிடுவார்கள். வரவு என்று பார்த்தால் சந்தைக்குப் போகும் குட்டிகள், கிடாரி, காளைக் கன்று, எரு, முற்றிய வெள்வேல மரம். தொகை பெரிதில்லை. கையிலிருந்து போவதும் பெரிதில்லை. கடும் வறட்சி வந்தால் மட்டும் தட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் உருப்படிகளை விற்க வேண்டும்.

காங்கேயம் மாடு வளர்ந்த இடமும் இதுதான். டிராக்டர் வந்து உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் வேலை போனது. பாலுக்குக் கலப்பின மாடு வந்தது. கொரங்காட்டில் மேய்ந்து நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறக்கும் பசு, பால் சொசைட்டிக் கணக்கில் தோற்றுப்போனது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அந்த மாடு மேயும் நிலத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

ஸ்பெயினிலும் இப்படி ஒரு மரமும் மேய்ச்சலும் கலந்த முறை உண்டு; பெயர் தெஹேசா. அங்கே ஓக் மரத்திலிருந்து உதிரும் கொட்டைகளைப் பன்றிகள் தின்று கொழுக்கும். பிரான்ஸின் கோர்சிகா தீவில் அந்த வேலையைச் செஸ்நட் மரங்கள் செய்கின்றன. ஸ்பெயின்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஓக் கொட்டை தின்று வளர்ந்த சுத்தமான ஐபீரியப் பன்றியின் தொடைக்கறிக்குக் கறுப்புப் பட்டை என்று 2014-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டைக்குத் தனி விலை.

இங்கே? கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்ற ஆட்டுக்கும், கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்ட ஆட்டுக்கும் கசாப்புக் கடையில் ஒரே கிலோ விலைதான். இந்த நிலம் தோற்பது இந்த இடத்தில்தான். கறிக்குக் கூடுதல் விலை இல்லை. நிலத்துக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. தேங்காய் உலர்களம், சோலார் பேனல், வீட்டு மனை என்று கேட்டு வருபவர்களுக்குக் குறைவில்லை. போதாக்குறைக்கு, கடந்த சில ஆண்டுகளாகத் தெருநாய்கள் கூட்டமாகப் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கின்றன. இழப்பீடு கேட்டு விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். மேய்க்க ஆள் வேண்டாம் என்பதுதானே கொரங்காட்டின் பலம்? நாய்க்குப் பயந்து காவல் இருக்கத் தொடங்கினால் அந்தப் பலமே போய்விடும்.

தரிசாகக் கிடக்கும் மானாவாரி நிலத்தைக் கொரங்காடாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வேலியைத்தான். மழையை ஒட்டிக் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு, இடைவெளியில் காய்ந்த முள்ளை வைத்து அடைக்க வேண்டும். அது வேர் பிடித்து அடர்வதற்குச் சில வருடங்கள் ஆகும். கொழுக்கட்டைப் புல் விதையை மழைக்கு முன்பே தூவி, புல் பூத்து விதை கொட்டும் வரை ஆடுகளை உள்ளே விடாமல் இருக்க வேண்டும். வெள்வேலம் காய்க்கப் பல வருடங்கள் பிடிக்கும். அதுவரை இளங்கன்றுகளை ஆடுகள் கடிக்காமல் முள் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.