அவர் வலையையும் பாருங்கள்

கச்சத்தீவு யாருக்குச் சொந்தம்? இப்படிக் கேட்டாலே போதும். முன்பின் தெரியாதவர்கள்கூட மோதிக்கொள்வார்கள். குரல் உயரும், மனம் மாறாது.

மனத்தை மாற்ற வழி உண்டா? உண்டு.

முதலில், உண்மையை முழுதாகச் சொல்லவேண்டும். கச்சத்தீவின் பரப்பு 285 ஏக்கர். 1974-ம் ஆண்டு ஒப்பந்தப்படி அது இலங்கையின் பக்கம் போயிற்று. நம் மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆனால், ஒரு நாட்டின் கடலில் மற்ற நாட்டார் அனுமதியின்றி மீன்பிடிக்கக்கூடாது என்று 1976-ம் ஆண்டுக் கடிதங்கள் கூறுகின்றன. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைத்தால், விவரம் தெரிந்தவர் நம்மை நம்பமாட்டார்.

அடுத்து, எதிராளியின் கஷ்டத்தையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ராமேசுவரம் மீனவர் சிறைபிடிக்கப்படுகிறார், படகை இழக்கிறார். யாழ்ப்பாண மீனவரின் வலையை நம் விசைப்படகு அறுத்துவிடுவதும் உண்டு. அவரும் தமிழர்தான். அவர் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

"உங்கள் நஷ்டம் எனக்குத் தெரிகிறது" என்று பேச்சைத் தொடங்குங்கள். பிறகு நம் நியாயத்தைச் சொல்லுங்கள். உடனே ஒப்புக்கொள்ளாவிட்டாலும், காது கொடுத்துக் கேட்பார்.