கடல் கடந்த அண்ணன்மார்: மலையகப் பொன்னர் சங்கர் கூத்தை வாசித்தல்

இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆடப்பெறும் பொன்னர் சங்கர் கூத்தைப் புலம்பெயர்வு அனுபவத்தின் கலைவடிவமாகக் கொள்ளலாம் என்று ஆய்வரங்கு ஒன்றில் நான் கூறியபோது, மூத்த பேராசிரியர் ஒருவர், “அக்கதையில் கடல் எங்கே வருகிறது? கங்காணி எங்கே வருகிறான்?” என வினவினார். அன்று என்னால் தெளிவாக விடையளிக்க இயலவில்லை. வினா நியாயமானதே. எனினும் அவ்வினாவிற்குள் நம் துறையின் பழக்கம் ஒன்று மறைந்துள்ளது. பெயர்ந்தோர் அனுபவத்தைக் கதைப்பொருளில் மட்டுமே தேடும் பழக்கம் அது.

தாது வருடப் பஞ்சம் (1876-78) சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அதற்கு முன்னும் பின்னும் சேலம், நாமக்கல், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் வழியே சென்றோர், முதலில் காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். அவர்கள் கொண்டுசென்ற கூத்துகளுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தில் நிலைபெற்றன. முன்னிரண்டும் தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் பொதுவானவை. மூன்றாவதோ கொங்கு மண்ணுக்கே உரியது. சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஆய்வு செய்வோர்க்கு அதன்மேல் தனிப் பொறுப்பு உண்டு என்பது என் கருத்து.

கொங்கு நாட்டில் இக்கதை நிலத்தோடு பிணைந்தது. உடுக்கடிப் பாட்டாகப் பாடப்படினும், மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவாக நிகழினும், அதன் மையம் பொன்னிவள நாடே. முன்னோர் வந்து குடியேறித் திருத்திய நிலம், வேட்டுவரோடு மூண்ட பகை, சோழனோடு நேர்ந்த பிணக்கு, களத்தில் அண்ணன்மார் மாய்தல், தங்காளின் அழுகை என அனைத்தும் மண்ணைச் சுற்றியே அமைகின்றன. கதைத் தலைவர்கள் நிலவுடைமை வேளாளர். வழிபடுவோருள்ளும் அம்மரபினர் முதன்மையானவர். தோட்டங்களிலோ பெரும்பான்மையர் ஒடுக்கப்பட்ட சாதிகளின் வழிவந்தோர். கையகல நிலமும் அவர்களுக்குச் சொந்தமில்லை. குடியிருந்த லயமும் தோட்டத்திற்குரியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நிலமும் நாடும் அற்ற ஒரு மக்கள் கூட்டம், நிலத்திற்காக மாண்ட வீரர்களின் கதையை விடிய விடிய ஆடுவதற்குப் பொருள் யாது? பேராசிரியர் தேடிய கடல், கதைக்குள் இல்லை; கதைக்கும் அதனை ஆடுவோர்க்கும் இடையே உள்ளது.

மலையக நாட்டார் பாடல்களில் கண்டியும் கங்காணியும் வெளிப்படையாகவே வருதல் நோக்கத்தக்கது. மேடையிலும் அம்முயற்சி இல்லாமலில்லை. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் 1937இல் வெளியிட்ட ‘அந்தரப் பிழைப்பு நாடகம்’ தொழிலாளர் நிலையையே பொருளாகக் கொண்டது. உலக அரங்கிலும் இத்தகைய நேர்ச்சித்திரிப்பே பெரிதும் பேசப்படுகிறது. உருசியப் பேரரசின் யூதர்கள் தம் சிற்றூரைவிட்டு வெளியேற்றப்படுவதைக் கூறும் ‘பிட்லர் ஆன் தி ரூஃப்’ என்னும் இசைநாடகம் 1964 செப்டம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியது. அடுத்த மாதமே சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்குரியோர் என எண்ணப்பட்டனர். தற்செயல் நிகழ்வுதான், ஆனால் என்னை நெடுநாள் உறுத்திய ஒன்று. அங்கே வெளியேற்றம் பாட்டாயிற்று. இங்கே கூத்தரங்கில் பழைய கதையே தொடர்ந்து ஆடப்பட்டது. இதனைக் கற்பனை வறட்சி என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. எதை விடாமல் பற்றிக்கொள்கின்றனர் என்பதும் பெயர்ந்தோர் கூற்றே.

ஆய்வுலகம் இக்கூற்றைப் போதிய அளவு கேட்கவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் மலையகத்தின் மடியிலேயே உள்ளது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘இராவணேசன்’ முதலிய ஆக்கங்கள்வழி மட்டக்களப்புக் கூத்துக்கு அங்கே புத்துயிர் அளித்தார், அப்பணி போற்றத்தக்கது. தோட்டத்துக் கூத்துகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. தமிழகத்திலும் நிலை வேறன்று. அண்ணன்மார் கதைக்குச் சக்திக்கனலின் பதிப்பும், பிரெண்டா பெக் 1960களில் செய்த களப்பதிவும் நமக்கு வாய்த்துள்ளன. ஆயினும் நம் ஆய்வேடுகள் கொங்கு எல்லையோடு நின்றுவிடுகின்றன. புலம்பெயர் இலக்கியம் என்றாலோ 1983க்குப் பிந்தைய ஈழத்தமிழர் எழுத்தே பெரும்பாலும் பாடமாகிறது. இவ்விரு பகுப்புகளுக்கும் இடையில் மலையகக் கூத்து நழுவிவிடுகிறது. அதனைக் கொங்கு மரபின் எச்சம் என ஓர் அடிக்குறிப்பில் முடிப்பதும் நழுவவிடுதலே.

ஒப்பாய்வு தொடங்கவேண்டிய இடம் சாம்புவன் என்று கருதுகிறேன். கொங்கு வடிவங்களில் அவன் அண்ணன்மாரின் பறையர்குலத் துணைவன். வலிமைமிக்கவன், எனினும் ஏவலன். அவனைத் தம் முன்னோனாகக் காணக்கூடியோர் நிறைந்த அரங்கில் அவனுக்கு எத்துணைப் பாட்டுகள் கிடைத்தன, அவன் யாரோடு எதிர்நின்று பேசினான் என்பவற்றை இரு நிலத்து வடிவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தே அறிய இயலும். இதற்குக் கடல் கடந்துதான் செல்லவேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத்தின்கீழ்த் தமிழகம் திரும்பியோர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் பிற மாவட்டங்களிலும் வாழ்கின்றனர். 1970இல் இருபது வயதில் கப்பலேறியவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். தொடர்வண்டியைக் ‘கோச்சி’ என்றே இன்னும் சொல்லும் அம்முதியோரிடம், தோட்டத்தில் படுகளம் எந்தத் திடலில் விழுந்தது, தங்காளாக ஆடியவர் யார், ஊர் திரும்பியபின் அக்கூத்தை மீண்டும் ஆடினீர்களா என்று கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.