வீடு வாங்க விலை பேசலாம். கணக்குப் புத்தகத்தை விரிக்கலாமா?

பத்து இருபது ஆண்டுகள் கடையில் உழைத்த பிறகு, வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று நம் வணிகர்கள் ஆசைப்படுவது இயல்பு. அப்படி வீடு பார்க்கப் போகிறவர்களிடம் இப்போதெல்லாம் விலை பேசி முடிப்பதற்கு முன்பே, "பாஸ்புக்கைக் காட்டுங்கள், ஆறு மாத ஸ்டேட்மெண்ட் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். தரகர் அதைச் செல்போனில் படம் எடுத்துக் கொள்கிறார். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் கைக்குப் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நம்மவர்களும் நல்ல வீடு கைநழுவிப் போய்விடுமே என்ற அவசரத்தில் கேட்டதையெல்லாம் கொடுத்து விடுகிறார்கள். இந்தப் பழக்கம் நமக்கு ஆகாது என்பதே நம் கருத்து.

விற்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். சொற்ப அட்வான்ஸ் கொடுத்துக் கிரய ஒப்பந்தம் போட்டுக் கொண்டு, அந்தப் பத்திரத்தோடு வேறு ஆள் தேடி அலைகிறவர்கள் உண்டு. அதுவரை வீட்டுக்காரர் வேறு யாருக்கும் விற்க முடியாமல் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவர் வந்து நூறு மூட்டை அரிசி கடனாகக் கேட்டால் நாமும் நாலு இடத்தில் விசாரிக்காமல் ஏற்றி அனுப்புவதில்லை. ஆகவே வாங்குபவருக்குப் பண வசதி உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது, பேசிய தொகை பேசிய நாளில் வந்து சேருமா என்பது ஒன்றுதான். ஸ்டேட்மெண்டோ அதற்கு மேல் எவ்வளவோ சொல்லிவிடும். எந்த மண்டியில் பருப்பு எடுக்கிறோம், எந்த ஆலைக்கு எண்ணெய்ப் பணம் அனுப்புகிறோம், எத்தனை நாள் தவணையில் கட்டுகிறோம், ஓவர்டிராப்டில் எவ்வளவு எடுத்திருக்கிறோம், யாருடைய செக் திரும்பியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நமக்குப் பணம் அனுப்பிய வாடிக்கையாளர்களின் பெயர்களும் இருக்கின்றன. அவர்கள் பெயரை ஊருக்குக் காட்ட நமக்கு ஏது உரிமை?

கடைத்தெருவில் பேச்சு பரவும் வேகம் நமக்குத் தெரியாததல்ல. "இருந்த முதலையெல்லாம் வீட்டில் போட்டுவிட்டார்" என்று ஒரு சொல் கிளம்பினால் போதும். முப்பது நாள் கடன் கொடுத்தவர் ரொக்கம் கேட்பார். மொத்த வியாபாரத்தில் இருக்கும் எங்கள் காதில் அப்படி ஒரு பேச்சு விழுந்தால், அடுத்த லோடு அனுப்புமுன் யோசிக்கத்தான் செய்வோம். வீடு வாங்கப் போய்க் கடையின் நாணயத்துக்குக் குறை வந்தால், அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

பேரத்திலும் நஷ்டம் உண்டு. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 90 லட்சம் இருப்புள்ள கணக்கைக் காட்டினால், வீட்டுக்காரர் 60 லட்சத்திலிருந்து இறங்கி வருவாரா? எனவே விலை முடிந்த பிறகுதான் சான்று. அதற்கு முன் யார் கேட்டாலும், "விலை படியட்டும், மறுநாளே வங்கிச் சான்று தருகிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

சட்டமும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. ஒப்பந்தம் போட்ட பிறகு விற்பவர் மறுத்து, நாம் கிரயம் செய்து தரக் கோரி வழக்குப் போட்டால், நாம் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம். தயார் என்றால் பண வசதி, விருப்பம் என்றால் நம் நடத்தை என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. ஆனாலும் நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றி, பணத்தை விற்பவரிடம் நீட்டவோ கோர்ட்டில் கட்டவோ தேவையில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. வசதி உண்டு என்பதற்குத் தேதியிட்ட ஆதாரம் நம் கையில் இருக்க வேண்டும். அவ்வளவே.

அந்த ஆதாரத்தைத் தயார் செய்வது கடினமான காரியமல்ல. 60 லட்சத்தில் 35 லட்சம் வீட்டுக் கடன், 25 லட்சம் கைப்பணம் என்று வைத்துக் கொள்வோம். கடனுக்கு வங்கியின் அனுமதிக் கடிதத்தைக் காட்டலாம். கைப்பணத்தைக் கடைக் கணக்கில் வைக்காமல் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அந்தக் கணக்கில் இன்ன தேதியில் இவ்வளவு இருப்பு உள்ளது என்று வங்கியிடம் எழுதிக் கேட்டால் இருப்புச் சான்று கொடுப்பார்கள். கடைக் கணக்கின் வரவு செலவு ஒரு வரிகூட அதில் வராது.

விற்பவர் இன்னும் தயங்கினால், நம் வக்கீல் நம் கணக்கைப் பார்த்துவிட்டு, தொகை தயாராக இருக்கிறது என்று அவருடைய வக்கீலுக்குக் கடிதம் எழுதலாம். கட்சிக்காரரின் விவரத்தை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு வக்கீலுக்கு உண்டு. தரகருக்கு அப்படி எதுவும் கிடையாது. பதிவு நாள் நெருங்கும்போது டி.டி. எடுத்து நகலைக் காட்டலாம். 2018 செப்டம்பர் 15 முதல் டி.டி.யின் முகப்பிலேயே அதை எடுத்தவர் பெயர் அச்சாகிறது. அதற்கு 3 மாதமே ஆயுள் என்பதால் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டாம்.

எந்தத் தாளைக் கொடுத்தாலும், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று குறுக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். அடையாளம் கேட்டால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். வங்கிகளை நாட்டுடைமையாக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில், சட்டமும் வழக்கமும் அனுமதிக்கும் இடம் தவிர, வாடிக்கையாளர் விவரத்தை வெளியிடக் கூடாது என்ற விதி இருக்கிறது. வங்கி மேலாளர் காக்க வேண்டிய ரகசியத்தை நாமே தெருவில் விடுவது முறையா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஊராருக்குக் காட்டாமல் இருப்பது வேறு, அரசுக்கு ஒளிப்பது வேறு. கணக்கில் வராத பணத்தை மறைக்க இந்த யோசனைகள் உதவா, உதவவும் கூடாது. வீட்டு விற்பனைக்கு 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2015 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. மீறி வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது 2013 முதல் உள்ள விதி. நம் 60 லட்ச உதாரணத்தில் அது 60 ஆயிரம் ரூபாய். கிரயப் பத்திரத்தில் எழுதும் விலையையும் யார் வேண்டுமானாலும் மனுப் போட்டுப் பார்க்கலாம். வாங்கிய விலை வெளியில் தெரிவதில் நமக்கு வெட்கமில்லை. மீதி முதல் எங்கே, யாரிடம் இருக்கிறது என்பதுதான் நம் சொந்த விஷயம்.

இதே நியாயம் நாம் விற்கும்போதும் பொருந்தும். நம் வீட்டையோ மனையையோ வாங்க வருகிறவரிடம் வங்கிச் சான்றோடு திருப்தியடைய வேண்டும். அவருடைய வரவு செலவை நாம் துருவக் கூடாது.

தனி ஆளாக ஒருவர் மறுத்தால் "பார்ட்டியிடம் பணம் இல்லை போலிருக்கிறது" என்று தரகர் சொல்லிவிடக் கூடும். எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆகவே இருப்புச் சான்று கேட்கும் கடிதத்துக்கும் வக்கீல் கடிதத்துக்கும் தமிழில் ஒரு மாதிரிப் படிவம் தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்கும்படி நம் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம். ஊரில் உள்ள வீட்டுத் தரகர்களையும் ஒருநாள் சங்கத்துக்கு அழைத்துப் பேசினால், அவர்களுக்கும் இது புரியும். உறுப்பினர்கள் தங்கள் கருத்தை அடுத்த மாதக் கூட்டத்தில் தெரிவிக்கலாம்.