சிப்பியும் பங்கும்

மன்னார்க் கடல் முத்துக்குப் பெயர்பெற்றது என்பதை இங்குள்ள சிறு பிள்ளையும் அறியும். அக்கடல் பங்கு வாணிபத்திற்கும் ஒரு பாடத்தை எழுதிவைத்துச் சென்றது என்பதை அறிந்தார் சிலரே. கைப்பேசியிலேயே பங்குக் கணக்குத் திறந்து, விலையின் ஏற்ற இறக்கத்தை நொடிதோறும் நோக்கியிருக்கும் இந்நாளில், அப்பாடத்தை இவ்விழா மலரில் நினைவூட்டுதல் எமது கடனெனக் கருதுகின்றோம்.

முன்னாளில் குளிப்புக் காலம் வந்ததும், மறிச்சுக்கட்டிக் கரையில் அரசினர் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலங் கூறுவர். குளிப்போர் தமக்குக் கூலியாகக் கிடைத்த பங்கைக் கரையேறியவுடன் விற்பர். அதனைச் சில்லறைக் காசு கொடுத்து வாங்க ஏழை எளியோரும் மொய்த்து நிற்பர். பெருவணிகரேயாயினும் கூலியாளேயாயினும், சிப்பி வாய் மூடியிருக்கும்போதே விலை பேசல் வேண்டும். உள்ளே முத்து உண்டோ இல்லையோ, அறிய வழியில்லை.

1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் அரசினர்க்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் கிடைத்தது. மறு ஆண்டே ஆங்கிலேயர் கம்பனியொன்று, ஆண்டுக்கு 310,000 ரூபாவாக 20 ஆண்டுகளுக்கு முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வறண்டன. குத்தகைப் பணமோ விளைச்சலைப் பார்த்துக் குறைவதன்று. 1912-ல் கம்பனி கலைக்கப்பட்டது. பங்கு வாங்கினோர் கடலைப் பார்த்து நின்றனர்.

இஃது எதிர்பாராது விழுந்த இடியோ? அன்று. நீரோட்டமும் மணலும் திருக்கை மீனும் சிப்பிப் பார்களை அழித்துவிடுவதுண்டு. 1891-க்குப் பின் 1903 வரை ஒரு குளிப்பேனும் நடைபெறவில்லை. இவையெல்லாம் எவரும் படிக்கக்கூடிய அரசாங்க ஏடுகளில் இருந்தன. வளமான ஆண்டின் கணக்கைப் படித்தவர், வறண்ட ஆண்டுகளின் கணக்கைப் படித்திலர்.

பங்கு வாங்குதல் சூதாட்டமே எனப் பெரியோர் சிலர் கூறுவர். யாம் அதற்கு உடன்படோம். சிப்பி வாங்கியவனுக்கு உள்ளே பார்க்க வழியில்லை. பங்கு வாங்குவோனுக்கோ ஆண்டறிக்கை என்னும் திறந்த சிப்பி முன்னே கிடக்கின்றது. திறந்திருப்பதைப் பாராது, சென்ற ஆண்டு இந்த நிதியம் இத்தனை வீதம் கொடுத்தது என்னும் ஒரு சொல்லை நம்பி வாங்குதலே சூதாட்டம்.

பெயரின் பழமையும் காவலாகாது. 1940-ல் தோன்றிய ‘தி பினான்ஸ்’ கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி 2020-ல் நீக்கியது. எம்முடன் கற்பித்த ஆசிரியர் ஒருவர், மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த ஓய்வூதியப் பணத்தை, வட்டி மிகுதி என்னும் ஒரே காரணத்தால் வேறொரு நிறுவனத்தில் இட்டு இழந்தார். நாற்பது ஆண்டு இலக்கணம் கற்பித்தவர்க்கு, ஒரு கணக்கறிக்கையைப் படிக்க எவரும் கற்பித்திலர். அக்குறை அவருடையதன்று, எம் போன்ற ஆசிரியருடையது.

ஆதலின் மாணவர்க்கு மூன்று வினாக்களை விடுக்கின்றோம். இக்கம்பனிக்கு வருமானம் எங்கிருந்து வருகின்றது? வருமானம் வாராத ஆண்டிலும் அது கொடுத்தே தீரவேண்டிய தொகை யாது? முன்னர் வறண்ட ஆண்டுகள் எத்தனை? இம்மூன்றுக்கும் விடை காணுமுன் ஒரு ரூபாவையும் இடற்க.

வங்கிகளிலும் கணக்காளர் பணியிலும் சிறந்து விளங்கும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விழாவுக்குக் கட்டடம் தருகின்றீர், நன்று. தவணைக்கு ஒருநாள் கல்லூரிக்கு வந்து, உயர்வகுப்பு மாணவருடன் அமர்ந்து, ஓர் ஆண்டறிக்கையை வரி வரியாகப் படித்துக் காட்டுவீராக. செய்யுளுக்குப் பொருள் கூற யாம் உள்ளோம். ஐந்தொகைக்குப் பொருள் கூற நீவிரே வரல் வேண்டும்.